வக்காலத்தில் யார் கையெழுத்து? போர் நடக்கும் நாட்டின் மக்களுக்காகப் பேசும் உரிமை

மியான்மருக்குச் சில ஆண்டுகளாக இரண்டு வாய்கள்.

நியூயார்க்கில், ஐ.நா. பொதுச்சபையில், ‘மியான்மர்’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் கியாவ் மோ துன். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ஆட்சியைப் பிடித்த ராணுவத்தை அவர் அதே மாதம் 26ஆம் தேதி அந்தச் சபையிலேயே கண்டித்தார். பேச்சை முடித்து, ராணுவ ஆட்சியை எதிர்ப்போரின் அடையாளமாக மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார். மறுநாளே அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டதாக ராணுவம் அறிவித்தது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் நாற்காலி அவரிடமே இருந்தது. இதற்கிடையில், 2022 பிப்ரவரியில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில், மியான்மரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்கள் தொடர்பான இனப்படுகொலை வழக்கில் மியான்மருக்காக வாதாட வந்தது ராணுவம் அனுப்பிய குழு. அந்த நீதிமன்றமும் ஐ.நா.வின் உறுப்புதான். ஒரே நாடு, ஒரே நிறுவனம், ஒருவரையொருவர் துரோகி என்று சொல்லும் இரண்டு பிரதிநிதிகள். செய்தி படிப்பவருக்குத் தலை சுற்றினால் அது அவருடைய குற்றமில்லை.

வடசென்னைக்கு இது எங்கோ நடக்கும் சங்கதியும் இல்லை. வியாசர்பாடியிலும் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரிலும் அந்த நாட்டிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். செகண்ட் லைன் பீச்சில் மாலையில் விற்கும் பர்மிய நூடுல்ஸ் உணவான அத்தோ அந்தக் கதையின் மிச்சம். வடக்கே போனால், புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம். முதல் கூட்டம், 1962 மார்ச்சில் பர்மாவில் ராணுவம் ஆட்சிக்கு வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கிய பிறகு கப்பலேறியது. இரண்டாவது கூட்டம் 1983க்குப் பிறகு படகேறியது. இரண்டு கூட்டத்தின் தலைவிதியையும் அவர்கள் உட்காராத மேசைகளில் வேறு யாரோ பேசி முடித்தார்கள்.

அப்படிப் பேச அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஆட்சியைப் பிடித்தவர், தேர்தலில் வென்றவர், ஆயுதம் ஏந்தியவர், நாட்டை விட்டு வெளியேறியவர், வெளியிலிருந்து பரிவு காட்டுபவர் என ஐந்து தரப்பும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கின்றன: “அந்த மக்களுக்காக நான் பேசுகிறேன்.” குழப்பம் அந்த வாக்கியத்திலேயே தொடங்குகிறது.

பற்றி, சார்பில், பெயரில்

தமிழில் மூன்று தனிச் சொற்கள் இருந்தும் செய்திகளில் இவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. மக்களைப் பற்றிப் பேசுவது. செய்தியாளர், மருத்துவர், ஆய்வாளர், தேநீர்க் கடையில் நாளிதழ் படிப்பவர் என யாரும் செய்யலாம். இதற்கு அனுமதி வேண்டியதில்லை. சொல்வது உண்மையாக இருந்தால் போதும்.

2. மக்கள் சார்பில் பேசுவது. இதற்கு ஒப்படைப்பு வேண்டும். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு அன்றாடம் போய் வருபவர்களுக்கு இது விளக்காமலே புரியும். கட்சிக்காரர் கையெழுத்திட்ட வக்காலத்து இல்லாமல் வக்கீல் அவருக்காக வாதாட முடியாது. கட்சிக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால் வக்கீலை மாற்றலாம். வக்கீல் கட்சிக்காரரை மாற்ற முடியாது.

3. மக்களின் பெயரில் பேசுவது. “நாங்கள் வேறு, மக்கள் வேறு இல்லை” என்பது இதன் அடிப்படை. இங்கே வக்காலத்து கேட்கும் பேச்சுக்கே இடமில்லை. கேட்பவர் மக்களின் எதிரி ஆகிவிடுவார்.

பேச்சு வழக்கில் ‘ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்’ என்று கேட்கிறோம். யாரும் கொடுக்காத வக்காலத்தைத் தானாக வாங்கிக்கொள்வதைப் பற்றிய கேலி அதில் இருக்கிறது. சர்வதேச அரசியலில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

தமிழுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கேட்பவரைச் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. ஐ.நா. சாசனத்தின் முதல் வரி மக்களின் வாயால் பேசுவதுபோல் தொடங்குகிறது. அதைத் தமிழில் எழுதுபவர் ‘நாமா, நாங்களா’ என்று முடிவு செய்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. வேடிக்கை என்னவென்றால், மக்களின் வாயால் தொடங்கும் அதே சாசனம் நான்காவது பிரிவுக்கு வந்ததும் உறுப்பினர் ஆகும் தகுதியை அரசுகளுக்கு மட்டும் தருகிறது.

நாற்காலிக்கான விதி

ஐ.நா.வில் உட்காருபவர் யார் என்பதை முடிவு செய்யும் முறை மிகச் சாதாரணமான அலுவலக நடைமுறை.

1. ஒவ்வொரு நாடும் தன் பிரதிநிதிக்கு ஒரு நியமனச் சான்று கொடுத்து அனுப்ப வேண்டும். அதில் நாட்டின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகிய மூவரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

2. ஒன்பது நாடுகள் கொண்ட குழு அந்தச் சான்றுகளைப் பார்க்கும். ஒவ்வோர் ஆண்டும் குழு மாறினாலும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் வழக்கமாக அதில் இருக்கும்.

3. தகராறு வந்தால் குழு பரிந்துரைக்கும், பொதுச்சபை முடிவு செய்யும். முடிவு வரும்வரை உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க வேண்டியதில்லை.

மியான்மர் புதிரின் விடை மூன்றாவது விதியில் இருக்கிறது. 2021இல் மியான்மருக்கு இரண்டு சான்றுகள் வந்தன. ஆப்கானிஸ்தானிலும் அதே ஆண்டு தாலிபான் காபூலைப் பிடித்ததால் அங்கிருந்தும் இரண்டு. குழு அந்த டிசம்பரில் இரண்டு நாடுகளின் முடிவையும் ஒத்திப்போட்டது. அடுத்த ஆண்டுகளிலும் ஒத்திப்போட்டது. யாரையும் அங்கீகரிக்காமல், யாரையும் நிராகரிக்காமல், பழைய பிரதிநிதியை அப்படியே விட்டுவைக்கும் வழி இது. நம் ஊர் அலுவலகங்களில் கோப்பை மேசையில் வைத்துக்கொண்டே காரியம் முடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

சர்வதேச நீதிமன்றம் வேறு கணக்குப் போட்டது. வழக்கின் தரப்பு ‘மியான்மர்’ என்ற நாடு, எந்த அரசாங்கமும் இல்லை என்று விசாரணைத் தொடக்கத்திலேயே நீதிமன்றத் தலைவர் சுட்டிக்காட்டினார். யார் வந்து நின்றார்களோ அவர்கள் வாதத்தைக் கேட்டுக்கொண்டது.

நாற்காலி நீதியின் அடையாளம் என்று நினைப்பவர்கள் கம்போடியாவைப் பார்க்க வேண்டும். பொல் பொட்டின் கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 15 முதல் 20 லட்சம் பேர் கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். 1979 ஜனவரியில் வியட்நாம் படையெடுத்து அந்த ஆட்சியை விரட்டியது. ஆனால் ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி பொல் பொட் தரப்பிடமே இருந்தது. 1982இல் ஒரு கூட்டணியின் பெயரில் அதே தரப்பு தொடர்ந்தது. வியட்நாமுக்கு அந்த வெற்றியைக் கொடுக்கக் கூடாது என்று சீனாவும் அமெரிக்காவும் தென்கிழக்காசிய நாடுகளும் நினைத்ததுதான் காரணம். புதிய அரசை 1980இலேயே அங்கீகரித்த இந்தியா இதில் சிறுபான்மை. கொல்லப்பட்டவர்களுக்காகக் கொன்றவர்களே பத்தாண்டு காலம் உலக சபையில் பேசினார்கள். எல்லாம் விதிப்படி.

மண் யாரிடம்?

அப்படியானால் நாட்டை உண்மையில் ஆள்பவரையே பேச விட்டால் என்ன? இது பழைய வாதம். 1933ஆம் ஆண்டின் மான்டிவிடியோ உடன்படிக்கை ஓர் அரசுக்கு நான்கு அடையாளங்களைச் சொன்னது: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் திறன். அந்த அரசாங்கம் நல்லதா என்ற கேள்வி பட்டியலில் இல்லை.

இதில் நடைமுறை நியாயம் இருக்கிறது. நிவாரண லாரி சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும் என்றால் சாவடியில் துப்பாக்கியோடு நிற்பவரிடம்தான் பேச வேண்டும். ஊர் கடந்து வாழும் நல்லவரிடம் பேசிப் பயனில்லை. செஞ்சிலுவைச் சங்கம் எல்லாத் தரப்போடும் பேசுவது இதனால்தான். பேசுவது வேறு, அங்கீகரிப்பது வேறு என்று அது விடாமல் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் அந்தக் கோடு வழுக்கும். டெல்லியில் ஆப்கன் குடியரசுக் கால தூதரகம் பழைய கொடியோடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்து 2023 நவம்பரில் மூடப்பட்டது. 2025 ஜூலையில் ரஷ்யா தாலிபான் அரசை முறைப்படி அங்கீகரித்தது. அந்த அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தகி டெல்லி வந்தபோது, அவருடைய முதல் செய்தியாளர் கூட்டத்தில் பெண் செய்தியாளர்கள் அழைக்கப்படவில்லை. கண்டனம் எழுந்த பிறகு இரண்டாவது கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தோஹாவில் ஐ.நா. நடத்திய கூட்டத்தில் தாலிபானோடு ஒரே மேசையில் ஆப்கன் பெண்கள் யாரும் இல்லை. பெண்கள் வந்தால் பேச மாட்டோம் என்பதே தாலிபானின் நிலை. போர், அமைதி, பாதுகாப்பு பற்றிய பேச்சுகளில் பெண்கள் இருக்க வேண்டும் என்று பாதுகாப்புச் சபை 1325ஆம் தீர்மானத்தை 2000ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றிவிட்டது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மண்ணை வைத்திருப்பவர் அந்த மண்ணின் வாசற்கதவைப் பற்றிப் பேசலாம். வீட்டுக்குள் பூட்டப்பட்டவர்களின் மனதைப் பற்றிப் பேச அது எப்படி உரிமை ஆகும்?

‘ஏகப் பிரதிநிதிகள்’

அரசை எதிர்த்துப் போராடும் இயக்கங்களும் இதே சிக்கலில் மாட்டுகின்றன. காலனி ஆட்சியிலோ ஆக்கிரமிப்பிலோ இருக்கும் மக்களால் தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் 1970களில் உலகம் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. 1974இல் ரபாத் நகரில் கூடிய அரபு நாடுகள் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைப் பாலஸ்தீனர்களின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதி என்றன. அடுத்த மாதமே ஐ.நா. அதற்குப் பார்வையாளர் இடம் கொடுத்தது. நமீபியாவின் ஸ்வாப்போ இயக்கத்தை 1976இல் பொதுச்சபை அந்த மக்களின் ஒரே உண்மைப் பிரதிநிதி என்று ஏற்றது.

இரண்டின் பிற்காலமும் வேறு வேறு. 1989இல் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்தபோது ஸ்வாப்போ மக்களிடம் போய் வாக்குக் கேட்டது, வென்றது, 1990இல் நாடு விடுதலை அடைந்தது. தற்காலிக வக்காலத்து நிரந்தரமானது. பாலஸ்தீனத்தில் மஹ்மூத் அப்பாஸ் 2005 ஜனவரியில் நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குப் பிறகு அதிபர் தேர்தலே இல்லை. 2006இல் நாடாளுமன்றத்தின் 132 இடங்களில் 74ஐ ஹமாஸ் வென்றது. அதற்குப் பிறகு நாடாளுமன்றத் தேர்தலும் இல்லை. அன்று வாக்களிக்கும் வயதை எட்டாதவர்களும் பிறக்காதவர்களுமே இன்று காஸாவில் பெரும்பான்மை. அவர்கள் எந்தத் தரப்புக்கும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட்டதில்லை.

தமிழ் வாசகருக்கு ‘ஏகப் பிரதிநிதிகள்’ என்ற சொல் எங்கே கேட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ஈழத் தமிழரின் ஏகப் பிரதிநிதிகள் தாங்களே என்று விடுதலைப் புலிகள் கோரினார்கள். 2004 தேர்தலில் இலங்கைத் தமிழ்க் கட்சிகளின் கூட்டணியான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அதை ஏற்று வாக்குக் கேட்டு 22 இடங்களைப் பெற்றது. ஆகவே அந்தக் கோரிக்கைக்கு ஆதரவே இல்லை என்று சொல்வது பொய். ஆனால் அந்த வாக்கை மட்டும் வைத்துக் கணக்கை முடித்தால் மற்றப் பக்கங்கள் மறைந்துவிடும்.

1985இல் திம்பு பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பில் ஒரு கட்சியும் ஐந்து இயக்கங்களுமாக ஆறு அமைப்புகள் ஒன்றாக உட்கார்ந்தன. அடுத்த ஆண்டே அவற்றில் ஒன்றான டெலோ இயக்கத்தைப் புலிகள் அழித்தார்கள். 1989இல் கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தைக் கொன்றார்கள். மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தபோது தமிழர்களுக்குள் வாதம் நடக்க இடம் இருந்தது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் சில நாட்களில், சில இடங்களில் சில மணி நேரத்தில், வெளியேற்றப்பட்டார்கள். அவர்களும் தமிழ் பேசுபவர்கள். ‘நாம்’ என்ற சொல்லுக்குள் நேற்றுவரை இருந்தவர்களை ‘நாங்கள்’ என்று சொல்லி வெளியே நிறுத்துவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

2005 நவம்பர் அதிபர் தேர்தலை வடக்கு புறக்கணிக்க வேண்டும் என்று முடிவானது. யாழ் மாவட்டத்தில் வாக்குப்பதிவு சுமார் 1.2 விழுக்காடு. மஹிந்த ராஜபக்ச நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்களிக்காமல் இருந்தது மக்களின் முடிவா, மக்களுக்காக எடுக்கப்பட்ட முடிவா? மாறாக முடிவெடுக்க இடம் இல்லாத ஊரில் அந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. எதிர்க்குரலை ஒழித்துவிட்டவர் தன் ஆதரவின் உண்மையான அளவைத் தானே அறிய முடியாமல் போகிறார்.

வாக்குச்சீட்டு போதுமா?

மற்ற எல்லாவற்றையும்விடத் தேர்தல் நல்ல சான்று. அதில் ஐயமில்லை. ஆனால் போர் நாடுகளில் அதற்கும் மூன்று ஓட்டைகள் விழுகின்றன.

1. வென்றவரைப் பேச விடாமல் செய்யலாம். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி தனி நாட்டுக் கோரிக்கையை முன்வைத்து 18 இடங்களை வென்று இலங்கை நாடாளுமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சி ஆனது. 1983 ஆகஸ்டில் வந்த இலங்கை அரசமைப்பின் ஆறாம் திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. எதற்காக மக்கள் அனுப்பினார்களோ அதைக் கைவிட்டால்தான் உள்ளே இருக்கலாம். அவர்கள் இடங்களை இழந்தார்கள். வாக்குப் பெற்றவர்களின் வாய் அடைக்கப்பட்ட பிறகுதான் துப்பாக்கி ஏந்தியவர்களின் குரல் ஓங்கியது. இந்த வரிசையைப் பலர் தலைகீழாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

2. வாக்காளர் பட்டியலே பொய்யாக இருக்கலாம். மியான்மரின் 2020 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி தேர்தல் நடந்த 476 இடங்களில் 396ஐ வென்றது. அந்த வெற்றிதான் ராணுவத்துக்கு எதிரான தரப்பின் வக்காலத்து. ஆனால் ரோஹிங்கியாக்களுக்கு அதில் வாக்கே இல்லை. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது; 2015இல் அவர்கள் கையில் இருந்த தற்காலிக அட்டைகளும் ரத்தாயின. 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்தில் ராணுவத்தின் நடவடிக்கைகளுக்காக வாதாடியவர் அதே சூச்சி. மக்கள் வாக்கோடு வந்தவர், அந்த வாக்கில் பங்கில்லாத மக்களுக்கு எதிராகப் பேசினார். 2022இல் ராணுவம் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது, மாற்றுத் தரப்பான தேசிய ஒற்றுமை அரசாங்கம், வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று மியான்மர் முன்பு எழுப்பிய தொடக்க ஆட்சேபங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தது. அது பெரிய மாற்றம்தான். ஆனால் நீதிமன்றம் கேட்டது ராணுவத்தின் குரலை.

3. தேர்தலையே ஆயுதமாக்கலாம். 2023இல் சூச்சியின் கட்சியைக் கலைத்துவிட்டு, 2025 டிசம்பர் 28 முதல் கட்டங்களாகத் தேர்தல் நடத்தியது மியான்மர் ராணுவம். சண்டை நடக்கும் பல பகுதிகளில் வாக்குச்சாவடியே இல்லை. வெளிநாடுகளுக்குக் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும் என்பதே நோக்கம் என்று எதிர்த்தரப்பு சொன்னதில் பொருள் இருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, ‘எத்தனை பேர் ஆதரவு’ என்பதைவிட உபயோகமான கேள்வி ஒன்று கிடைக்கிறது: பேசுபவரை மாற்றும் வழி, பேசப்படுபவர்களிடம் இருக்கிறதா? வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வக்காலத்தைத் திரும்பப் பெற முடியாது என்றால் அவர் வக்கீல் இல்லை, காவலாளி.

வழி இருந்தால் மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். 2013இல் நடந்த வடமாகாண சபைத் தேர்தலில் 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போயிற்று. 2024 நவம்பரில் யாழ் மாவட்டத்தின் ஆறு நாடாளுமன்ற இடங்களில் மூன்றை, தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி வென்றது. சென்னையில் பலருக்கு இது செரிக்கவில்லை. ஏமாந்துவிட்டார்கள், விலைபோய்விட்டார்கள் என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள். தமக்குப் பிடித்த மாதிரி வாக்களித்தால் மக்கள் தீர்ப்பு, வேறு மாதிரி வாக்களித்தால் மயக்கம் என்பது எந்த ஊர் நியாயம்?

வெளியில் இருப்பவர்களின் குரல்

அங்கே வாய் திறந்தால் சிறை என்ற நிலையில், வெளியேறியவர்கள் பேசாவிட்டால் யாருமே பேச மாட்டார்கள். புலம்பெயர்ந்தோர் ஆவணங்களைக் காப்பாற்றுகிறார்கள், வழக்குத் தொடுக்கிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். 2010இல் ஈழத் தமிழ்ப் புலம்பெயர்ந்தோர் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ‘நாடு கடந்த தமிழீழ அரசாங்கம்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதற்கு வாக்களித்தவர்கள் புலம்பெயர்ந்தவர்கள். ஆகவே அது புலம்பெயர்ந்தோரின் வக்காலத்து. கிளிநொச்சியில் இருப்பவரின் வக்காலத்து ஆகாது. இரண்டையும் பிரித்துச் சொன்னால் அந்த அமைப்பின் மரியாதை குறையாது.

வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், சொல்லின் விளைவு இருவருக்கும் ஒன்றாக இல்லை. டொராண்டோவிலோ தண்டையார்பேட்டையிலோ உரக்கச் சொன்ன வார்த்தைக்கு, வவுனியாவில் வீட்டுக் கதவு தட்டப்படலாம். விலை கொடுப்பவர் ஒருவர், சொல்பவர் வேறொருவர் என்ற நிலையில் சொல்பவர் சற்று நிதானிப்பதில் தவறில்லை. கூட்ட மேடையில் நின்று ‘நாம் கடைசிவரை போராடுவோம்’ என்று முழங்கும்போது அந்த ‘நாம்’ இலக்கணப்படியே பிழை.

இதில் மிக விசித்திரமான நிலை புழல் முகாமில் இருப்பவர்களுடையது. தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58,000 இலங்கைத் தமிழர்கள் இருப்பதாக 2021இல் அரசுக் கணக்கு சொன்னது. அந்த ஆண்டுதான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் இந்தியக் குடிமக்கள் இல்லை என்பதால் இங்கே வாக்கு இல்லை. வெளிநாட்டில் இருந்தபடி இலங்கைத் தேர்தலில் வாக்களிக்கும் வசதியும் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே திருமணம் செய்து, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாடுகளின் தலைவர்களும் அவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டு நாட்டிலும் அவர்கள் மாற்றக்கூடிய ஒரு பிரதிநிதி இல்லை.

கேட்காமல் போட்ட கையெழுத்துகள்

இது வெறும் கோட்பாட்டுச் சண்டை என்று நினைத்தால், விளைவுகளை 1964, 1987, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் பார்க்கலாம்.

1964. அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மலையகத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. தேயிலை மூட்டையைப் பிரிப்பதுபோல் பிரித்தார்கள். தோட்டத் தொழிலாளரின் தலைவராக இருந்த தொண்டைமான் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லை. டெல்லியும் கொழும்பும் போட்ட அந்தக் கணக்கின்படி, தோட்டம் தவிர வேறு ஊர் அறியாத குடும்பங்கள் ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊரில் வந்து இறங்கின.

1987. ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தமிழர் பிரச்சினையைத் தீர்க்க வந்தது. தமிழர் தரப்பில் ஒரு கையெழுத்தும் அதில் இல்லை. சில மாதங்களில் அமைதி காக்கப் போன இந்தியப் படை புலிகளோடு போரிட்டுக்கொண்டிருந்தது. 1990 மார்ச்சில் திரும்பியது. ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் மோசம் என்று சொல்ல முடியாது; வடகிழக்குக்கு மாகாண சபை என்ற அமைப்பே அதிலிருந்துதான் வந்தது. ஆனால் யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவர்கள் ஒப்புக்கொள்ளாத ஒப்பந்தம் எவ்வளவு நாள் நிற்கும்?

2009. மே மாதம் போர் முடிந்தது. ஏறத்தாழ 2,80,000 தமிழர்கள் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அதே மாதம் 27ஆம் தேதி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடியது. இலங்கையின் நாற்காலியில் இருந்தவர், விதிப்படி, முள்வேலிக்குள் இருந்தவர்களுக்காகவும் பேசினார். இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. எதிராக 12, நடுநிலை 6. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

செய்தியில் ‘மக்கள்’ என்ற சொல் வரும்போது

‘ஆப்கன் மக்கள் விரும்புகிறார்கள்’, ‘தமிழர்கள் நிராகரித்துவிட்டார்கள்’ என்று ஒரு வரி வந்தால் அதை நான்கு விதமாகத் தட்டிப் பார்க்கலாம்.

1. சொன்னவர் எந்த வக்காலத்தில் நிற்கிறார்: நாற்காலி, மண், வாக்கு, இழப்பு, உறவு? ஒவ்வொன்றும் ஓர் அளவுக்குச் செல்லும்.

2. அந்த வக்காலத்தின் தேதி என்ன? இருபது ஆண்டு பழைய வாக்கு, வாக்கு இல்லை.

3. அவர் சொன்னதை அதே மக்களில் ஒருவர் பொதுவில் மறுத்துவிட்டு இரவு வீட்டில் தூங்க முடியுமா?

4. அவர் சொன்னது தவறாகப் போனால் விலை கொடுப்பவர் யார்?

இந்த நான்கிலும் தேறும் குரல்கள் பெரும்பாலும் பெரியதாக உரிமை கொண்டாடுவதில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரப் பந்தல்களில் உட்கார்ந்த தாய்மார்கள் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்திருந்தார்கள். தமிழினத்தின் பிரதிநிதிகள் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. ‘எங்கள் பிள்ளைகள் எங்கே’ என்பதுதான் கேள்வி. அந்த ‘எங்கள்’ என்ற சொல்லை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்தத் தாய் ஜெனீவாவுக்குப் போனால் அவருக்கென்று அங்கே இருக்கை கிடையாது. அரசுகளுக்கு இருக்கை உண்டு. ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி பெற்ற தொண்டு நிறுவனங்களுக்குப் பேச நேரம் உண்டு. அப்படி ஒரு நிறுவனம் தன் நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தால் அவர் ஓரிரு நிமிடங்கள் பேசலாம். பேசுவோர் பட்டியலில் இடம்பெறுவது அந்த நிறுவனத்தின் பெயர்.